'எத்தனை டன் ஏத்தினான்?'

எங்கள் குடும்பப் புலனக் குழுவில் முதலில் வந்தது படம். செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

2025 மே 13, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். கோலாலம்பூரில் என் வாடகை வீட்டில் நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நசுங்கிய லோரி, சாலை முழுக்கச் சிதறிய சரளைக் கல். கீழே என் சித்தி மகன் எழுதியிருந்தான்: "தெலுக் இந்தான் சிக்குஸ் பக்கம். எஃப்.ஆர்.யூ. லோரி."

எனக்கு முதலில் அம்மா ஞாபகம்தான் வந்தது. முந்தின நாள் இரவு வரை அம்மா தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் இருந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தீபாவளிக்குச் சமம். நகரத்தார் தண்டாயுதபாணி ஆலயத்து இரதம் புறப்பட்டால் ஈப்போவிலிருந்தும் பாகான் டத்தோவிலிருந்தும் சனம் வந்து இறங்கும். சாய்ந்த கோபுரத்தைச் சுற்றி நடக்க இடமிருக்காது. போன் போட்டேன். அம்மா வீட்டில்தான் இருந்தார், காவடி பார்த்த அசதியில் கால் வலி என்றார். அப்பாடா என்றிருந்தது.

அந்த 'அப்பாடா'வை இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த லோரியில் இருந்தவர்கள் வேறு யாருமல்லர். அதே திருவிழாவில், அதே கூட்டத்துக்குக் காவல் நின்றுவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். சிக்குஸ் - சுங்கை லாம்பாம் சாலையில் எதிரே சரளைக் கல் ஏற்றி வந்த லோரி மோதியதில் ஒன்பது பேர் இறந்துபோனார்கள். மலாய்க்காரர்கள், ஒரு தமிழர், சரவாக்கிலிருந்து வந்த ஒருவர். என் அம்மா இடிபடாமல் இரதம் பார்க்க வேண்டும் என்பதற்காக இரவெல்லாம் நின்றவர்கள்.

அதனால்தான் நம் சனங்களுக்குக் கோபம் கூடுதலாக வந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் வந்தது.

பதினோரு மணிக்குள் லோரி ஓட்டுநரின் படம் வந்துவிட்டது. யார் எடுத்தார், எங்கே எடுத்தார், உண்மையில் அவர்தானா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் முப்பத்திரண்டு பேர் இருக்கிறோம். மத்தியானத்துக்குள் அவர் தூங்கிவிட்டார் என்றார் ஒருவர், போதையில் இருந்தார் என்றார் இன்னொருவர், கைப்பேசி பார்த்துக்கொண்டு ஓட்டினார் என்றார் மூன்றாமவர். மூன்றும் 'உறுதிப்படுத்தப்பட்ட தகவல்'. ஒரே ஆள் ஒரே நேரத்தில் தூங்கவும் கைப்பேசி பார்க்கவும் முடியாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. "தூக்குல போடணும்" என்று ஒரு மாமா எழுதினார். அதற்கு ஒன்பது கட்டைவிரல்கள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது.

படத்தை இரண்டு குழுக்களுக்கு நான் அனுப்பினேன். பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தவள். சரிபார்க்காமல் எதையும் பரப்பாதே என்று முதல் பருவத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். தேர்விலும் அதை எழுதி 'ஏ' வாங்கினேன்.

நான் கேட்ட கேள்வி

சாயங்காலம் என் நிகழ்ச்சி. வீடு திரும்பும் வாகன நெரிசலில் கேட்பார்களே, அந்த நேரம். இறந்தவர்களுக்கு அஞ்சலி சொன்னோம், ஒரு மென்மையான பாடல் போட்டோம். பிறகு நேயர்களின் கருத்துக்கு நேரம். ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லி நான் கேட்ட கேள்வி இது: "அந்த லோரி ஓட்டுநருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்னு நினைக்கிறீங்க?"

'என்ன நடந்திருக்கும்' என்று கேட்கவில்லை. 'ஏன் நடக்கிறது' என்றும் கேட்கவில்லை. நேரே தண்டனைக்குப் போய்விட்டேன். அப்போது அந்த மனிதர் விசாரணையில் இருந்தார். ஸ்டியரிங் கட்டுப்பாட்டை இழந்ததாக அவர் சொன்னதாகப் போலீஸ் தரப்பிலிருந்து அன்றே செய்தி வந்திருந்தது. நானும் படித்திருந்தேன். 'எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க' என்று மனதுக்குள் தள்ளிவிட்டேன்.

ஒலிப்பதிவுகள் கொட்டின. கூடுதல் சூடானவற்றைத்தான் ஒலிபரப்பினோம். அதுதான் வானொலிக்கு நல்லது என்று எங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு பதிவு வேறு மாதிரி இருந்தது. ஒரு பெண் குரல், ஐம்பது வயது இருக்கலாம். பின்னால் குக்கர் விசில் சத்தம்.

"தங்கச்சி, நீங்க கேட்ட கேள்வியே தப்புமா. எங்க வீட்டுக்காரர் மண்ணு லோரி ஓட்டுறாரு. காலையில ஆறு மணிக்குப் போனவரு இன்னும் வரல. அவரும் இன்னிக்கு அப்படித்தான் ஏத்திட்டு ஓட்டிக்கிட்டிருப்பாரு. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க எங்களையும் இப்படித்தான் கேப்பீங்களா?"

அதை நான் ஒலிபரப்பவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. அடுத்து ஒரு பாடல் போட்டேன்.

இரவு அப்பா கூப்பிட்டார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இருபத்தாறு ஆண்டுகள் லோரி ஓட்டியவர். முதலில் செம்பனைக் குலை, பிறகு மணல், சரளை. புலனத்தில் எதுவும் எழுத மாட்டார், எல்லாவற்றையும் படிப்பார்.

"படத்தப் பாத்தேன்" என்றார். "நீ அனுப்பினதா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவன் எத்தனை டன் ஏத்தினான்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"தெரியலப்பா."

"லோரி யாருது?"

"ஏதோ கம்பெனி."

"ஏதோ கம்பெனி" என்று திருப்பிச் சொன்னார். "ஓட்டுனவன் மூஞ்சி தெரியுது. கம்பெனி ஏதோ." வைத்துவிட்டார்.

பாரம் தள்ளும்

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். காலையில் அப்பாவும் நானும் வழக்கமான கடையில் பசியாறினோம். அவருக்கு ரொட்டி சானாய், சீனி குறைத்த தண்ணி. அங்கேதான் எனக்கு லோரிப் பாடம் நடந்தது. இத்தனை வயதில் அப்பாவின் வேலையைப் பற்றி நான் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் முறை.

சரளைக் கல் லோரி ஓட்டுபவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, இருந்தாலும் சொற்பம்தான். டிரிப்புக்கு இவ்வளவு, அல்லது டன்னுக்கு இவ்வளவு. ஒரு நாளைக்கு நான்கு டிரிப் அடித்தால் வீட்டு வாடகை, மூன்று அடித்தால் கடன். லோரி எவ்வளவு சுமக்கலாம் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் கல் குவாரியில் ஏற்றும் மண்வாரி இயந்திரத்துக்கு அந்த எழுத்து தெரியாது என்றார் அப்பா. பெட்டி நிறையும் வரை கொட்டும். மழை பெய்திருந்தால் அதே அளவு கல் இன்னும் கனக்கும். "குறைச்சுப் போடுன்னு சொன்னா, அடுத்த லோரி முன்னால வா-ன்னு கூப்பிடுவான். அவ்ளோதான்."

பாரம் கூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மேசையில் இருந்த கண்ணாடிக் கோப்பையை விரலால் தள்ளிக் காட்டினார். "காலியா இருந்தா ரெண்டு விரல்ல நிக்கும். நிறைஞ்சிருந்தா நிக்காது. பிரேக்க மிதிச்சாலும் பாரம் பின்னாலருந்து தள்ளும். வளைவுல சாய்க்கும். மேடு பள்ளத்துல ஸ்டியரிங், ஸ்பிரிங், டயரு எல்லாம் அடி வாங்கும். ஒரு நாள்ல உடையாது. தினம் கொஞ்சம் கொஞ்சமா உடையும். உடையிற அன்னிக்கு யாரு ஓட்டுறானோ அவன் மாட்டுவான்."

இதை அப்பா சொல்லும்போது விசாரணை முடிந்திருக்கவில்லை. பிறகு போக்குவரத்து அமைச்சு அமைத்த சிறப்புப் பணிக்குழு அந்த லோரியை ஆராய்ந்தது. அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்டிப் பாரம் ஏற்றப்பட்டிருந்தது என்று சொன்னது. அப்பாவின் முதல் கேள்விக்கு அதுதான் பதில். எங்கள் குழுவின் முப்பத்திரண்டு பேரில் வேறு யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

லோரி ஓட்டுநர் மீது சில நாட்களிலேயே தெலுக் இந்தான் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41(1)-ஆவது பிரிவு. மரணம் விளைவிக்கும் வகையில் அபாயகரமாக வாகனம் ஓட்டியது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் விசாரணை கோரினார். லோரி நிறுவனத்தின் இயக்குநரும், ஓட்டுநரையும் லோரியையும் சரியாகக் கண்காணிக்கத் தவறியதாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவரும் விசாரணை கோரினார். யார் எவ்வளவு பொறுப்பு என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம், நான் இல்லை.

நான் சொல்ல முடிந்தது வேறு ஒன்று. ஓட்டுநர் குற்றம் சாட்டப்பட்ட செய்தி எங்கள் குழுவுக்கு ஆறு முறை வந்தது. இயக்குநர் குற்றம் சாட்டப்பட்ட செய்தி ஒரு முறைகூட வரவில்லை. பழைய பதிவுகளையெல்லாம் மேலே தள்ளித் தள்ளித் தேடிப் பார்த்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9 அதிகாலை கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்தது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆசிரியர் ஆக வேண்டிய பிள்ளைகள். மறுபடியும் அதே ஓட்டம்: ஓட்டுநரின் முகம், வயது, பழைய சம்மன்களின் எண்ணிக்கை. அந்தச் சம்மன்களை நான் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. அத்தனை சம்மன் உள்ளவரை யார் ராத்திரி மலைச்சாலைக்கு அனுப்பினார் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும். விசாரித்தபோது பேருந்தின் பெர்மிட் ஒருவரிடம், ஓட்டியது வேறொருவர் என்று தெரிய வந்தது. பெர்மிட்டைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள்.

இந்தக் குத்தகை விவகாரம் நம் வீட்டுப் பிள்ளைகள் ஏறும் பேருந்து வரை வருவதால் கொஞ்சம் விளக்குகிறேன். அரசாங்கம் ஒரு நிறுவனத்தை நம்பி உரிமம் தருகிறது. வாகனத்தைப் பராமரிப்பது, ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பது, அவர் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார் என்று பார்ப்பது எல்லாம் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. அது உரிமத்தை மாத வாடகைக்கு இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறது. காகிதத்தில் பெயர் இருப்பவர் வண்டியைப் பார்ப்பதே இல்லை. வண்டியை வைத்திருப்பவருடைய பெயர் காகிதத்தில் இல்லை. விபத்து நடந்த நிமிடத்தில் இருவரும் மறைந்துவிடுகிறார்கள். மறைய முடியாத ஒரே ஆள் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர். அவரை நாம் பிடித்துக்கொள்கிறோம். மற்ற இருவருக்கும் நம் கூச்சல் எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகுதான் அமைச்சர் அந்தோணி லோக் கனரக வாகனங்களுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கினார். பெர்மிட் குத்தகையை ஒழிப்பதாகவும் சொன்னார். நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். இருபத்துநான்கு பிணங்கள் சேர்ந்தாற்போல் விழுந்த பிறகுதான் இவை நகர்ந்தன.

மாறி மாறி அடிக்கும் அலை

ஓட்டுநர்கள் விஷயத்தில் நம் இணையக் கோபம் எவ்வளவு நம்பகமானது என்று பார்க்க ஜொகூர் பாரு வழக்கு ஒன்று போதும். 2017 பிப்ரவரி 18, அதிகாலை மூன்று மணிக்கு மேல். மாற்றியமைத்த சைக்கிள்களில் சாலையில் கூடியிருந்த பதின்ம வயதுப் பையன்கள் எட்டுப் பேர் ஒரு காரில் அடிபட்டு இறந்தார்கள். காரை ஓட்டியவர் 22 வயது எழுத்தர், ஒரு சீனப் பெண். முதல் நாளே அவர் குடித்திருந்தார், கைப்பேசி பார்த்தார் என்றெல்லாம் எழுதித் தீர்த்தார்கள். அவர் குடிக்கவில்லை, கைப்பேசி பயன்படுத்தவில்லை, இருக்கைப் பட்டை அணிந்திருந்தார் என்று நீதிமன்றம் சொன்னது. 2019-இல் விடுதலை. மறுவிசாரணையில் 2021-இல் மீண்டும் விடுதலை. 2022 ஏப்ரல் 13-இல் உயர்நீதிமன்றம் 6 ஆண்டு சிறை, 6,000 வெள்ளி அபராதம் என்றது. உடனே அலை திரும்பியது. அவருக்காக இலட்சக்கணக்கானோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். இந்த முறை திட்டு வாங்கியது இறந்த பிள்ளைகளின் பெற்றோர்: 'பிள்ளையை அந்த நேரத்தில் வெளியே விட்டவர்கள்'. 2023 ஏப்ரல் 11-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஆறு ஆண்டுகள். முதலில் அந்தப் பெண்ணைக் குதறினோம். பிறகு எட்டுத் தாய்மார்களைக் குதறினோம். அவரவர் இனத்தைப் பார்த்துக் குதறியவர்களும் நிறைய. இரண்டு பக்கமும் 'நீதி வேண்டும்' என்ற அதே சொல்லைத்தான் தட்டியது.

கனடாவில் நடந்த ஒன்றை அப்பாவிடம் சொன்னேன். 2018 ஏப்ரல் 6, சஸ்காச்சுவான் மாநிலம். ஹம்போல்ட் என்ற ஊரின் ஐஸ் ஹாக்கி குழு இளைஞர்கள் சென்ற பேருந்து ஒரு லோரியோடு மோதி 16 பேர் இறந்தார்கள். லோரி ஓட்டியவர் இந்தியாவிலிருந்து போன இளைஞர், வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான். பின்னால் தார்ப்பாய் அவிழ்ந்து படபடத்ததில் கவனம் போய், 'நில்' பலகையைத் தாண்டிவிட்டார். வழக்காடாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 8 ஆண்டு சிறை. அவரை மன்னித்த பெற்றோரும் இருந்தார்கள், மன்னிக்க முடியாது என்றவர்களும் இருந்தார்கள். இரண்டுமே நியாயம். அந்த லோரி நிறுவனத்தின் முதலாளி, ஓட்டுநர் நேரப் பதிவு, பாதுகாப்பு விதிகள் தொடர்பாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 5,000 டாலர் அபராதம்.

"எட்டு வருசம். அஞ்சாயிரம்" என்றார் அப்பா, எதையோ எடை போடுவது போல. "அங்கேயும் அப்படித்தானா?"

அந்த மாநிலத்தில் லோரி ஓட்டுநர்களுக்கு முறையான பயிற்சி கட்டாயமானது அந்த விபத்துக்குப் பிறகுதான் என்றும் சொன்னேன். அதற்கு அவர் தலையாட்டினார்.

1996

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா காரை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. லங்காப் சாலையில் விட்டார். இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு பழைய தோட்ட முச்சந்தியில் ஓரம் கட்டினார். இறங்கவில்லை.

எனக்கு அப்போது ஆறு வயது என்று அவர் சொல்லித்தான் கணக்குப் போட்டேன். 1996. மழை விட்ட சாயங்காலம். மணல் லோரி. சைக்கிளில் ஒரு பெரியவர் தோட்டத்திலிருந்து மேலே ஏறி வந்தார். அப்பா பிரேக்கை மிதித்தார். லோரி நிற்கவில்லை.

"பிரேக்கு சரியில்லன்னு மூணு தடவ தவுக்கே கிட்ட சொல்லியிருந்தேன். இந்த வாரம் முடியட்டும்னான். அன்னிக்குப் பாரமும் ஜாஸ்தி." பிறகு அவரே சொன்னார்: "ஆனா ஓட்டுனது நான்தான். ஓட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. உனக்கு அந்த வருசம் பள்ளிக்கூடத்துல சேக்கணும்."

நான் ஒன்றும் பேசவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. அம்மாவுக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு.

ஆம்புலன்ஸ் வரும் வரை அப்பா அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் அடித்தார்கள், தண்டல் ஒருவர் நடுவில் வந்து விலக்கினார். பிறகு போலீஸ் நிலையம். பிரேக்கைப் பற்றி வாயைத் திறக்காதே, அபராதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தவுக்கே சொன்னாராம். அப்பா வாயைத் திறக்கவில்லை. அபராதத்தைத் தவுக்கே கட்டினார். பதினோரு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அதே லோரி வேறு ஓட்டுநரோடு மறு வாரமே சாலைக்கு வந்துவிட்டது. பிரேக் மாற்றினார்களா என்று அப்பாவுக்குத் தெரியாது. கேட்கப் பயந்திருக்கிறார்.

அந்தக் கம்பெனி பெயரை நான் கேட்டேன். "இப்ப எதுக்கு" என்றார்.

கருமாதிக்குப் போக வேண்டும் என்று அப்பா துடித்திருக்கிறார். போனால் கொன்றுவிடுவார்கள் என்று மாமா தடுத்துவிட்டார். அந்தப் பயம் பொய்யுமில்லை. இந்தியாவில் 2024 ஜனவரியில் லோரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது ஞாபகம் இருக்கலாம். விபத்துக்குப் பிறகு தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற புதுச் சட்டப் பிரிவை எதிர்த்தார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், அதனால்தான் ஓடுகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

அப்பா ஓராண்டு கழித்துப் போனார். தனியாக. அந்தப் பெரியவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாராம். யார் என்று சொன்னதும் கை நின்றது. திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்.

"கடைசியில அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

அப்பாவைத் தவிர அதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை. "தண்ணி கேட்டாரு. என் போத்தல்ல இருந்தது, குடுத்தேன். ரெண்டு மடக்கு குடிச்சாரு" என்றாராம் அப்பா. அந்த அம்மாள் தலையைக் குனிந்து மறுபடி அரிசி புடைக்க ஆரம்பித்தார். அப்பா வந்துவிட்டார்.

"அதக் கேக்கத்தான் அவங்க ஒரு வருசம் காத்துக்கிட்டிருந்தாங்கன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது" என்றார் அப்பா. காரைக் கிளப்பினார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1996-இல் புலனம் இருந்திருந்தால் என் அப்பாவின் முகம் எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கும்? என் பள்ளிக்கூடப் பெயர் போயிருக்குமா? டிக்டாக்கில் வசைகளுக்கு ஆளான ஏஷா 2024 ஜூலையில் இறந்தபோது நாம் எல்லோரும் கலங்கினோம். அந்த வழக்கில் ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் மட்டும் விதிக்கப்பட்டதற்குக் கொதித்தோம். சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் இணையப் பகடிவதையும், துன்புறுத்தும் நோக்கத்தில் ஒருவரின் அடையாளத் தகவலைப் பரப்புவதும் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகிவிட்டன. ஏஷாவுக்காக அழுத அதே கட்டைவிரலால்தான் நான் அந்த ஓட்டுநரின் படத்தை அனுப்பினேன். இரண்டும் வேறு வேறு என்று அப்போது தோன்றியது.

வேறு வேறுதான், ஒரு வகையில். ஏஷா யாரையும் கொல்லவில்லை. இங்கே ஒன்பது குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவர்களுடைய கோபத்தைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் குழுவில் தூக்குத் தண்டனை கொடுத்த முப்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமில்லை. அந்தக் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியது, அன்று காலை என்ன நடந்தது என்பது. அதில் பாதி உடைந்த இரும்பிலும் எடைச் சீட்டிலும் பராமரிப்புப் புத்தகத்திலும் இருக்கிறது. மீதி ஓட்டியவரின் வாயில் இருக்கிறது. அந்த வாயைத்தான் நாம் முதலில் அடைத்துவிடுகிறோம். அடைபட்ட வாய்க்கு ஒரு தவுக்கே போதும், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்வதற்கு.

படத்தை அனுப்பிய இரண்டு குழுக்களிலும் அதை நீக்கினேன். அதற்குள் எத்தனை பேர் எங்கே அனுப்பியிருப்பார்களோ. மாமாவுக்கு மட்டும் தனியாக எழுதினேன், அப்பா கேட்ட அதே கேள்வியை. "எதுக்குமா அதெல்லாம்" என்று பதில் வந்தது.

அந்த அக்காவின் ஒலிப்பதிவை நான் அழிக்கவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். அன்று உங்கள் பேச்சைப் போடவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். "அதுக்கென்னமா, டைம் இருந்திருக்காது" என்று எனக்குப் பதிலாக அவரே பொய் சொன்னார்.

"அண்ணன் வந்துட்டாராக்கா?"

"இப்பத்தான் வந்து குளிக்கிறாரு."

கொஞ்சம் தயங்கி, இன்றைக்கு எத்தனை டன் ஏற்றினார் என்று எப்போதாவது அவரிடம் கேட்டதுண்டா என்றேன்.

"தினம் கேக்குறேன் தங்கச்சி" என்றார். "சொல்ல மாட்டேங்குறாரு."